எளிய ரிமோட் எது? வாசகர் கேள்வி – பதில்

வீட்டுத் திரையரங்கு அமைப்பது பற்றி இந்தப் பகுதியில் எழுதத் தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பல, திரையையும் ஒலிபெருக்கியையும் விட்டுவிட்டு, டீப்பாயின் மீது குவிந்து கிடக்கும் ரிமோட்களைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டிவி, ஏவி ரிசீவர், புளூரே பிளேயர், டிடிஎச் செட்டாப் பாக்ஸ், ஃபயர் டிவி ஸ்டிக் என ஐந்து கருவிகள், ஐந்து ரிமோட்கள். நான் வீட்டில் இருந்தால் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். நான் இல்லாத நாளில் என் மனைவியும் அப்பாவும் பத்து நிமிடம் போராடிவிட்டு டிவியையே அணைத்துவிடுகிறார்கள். யார் கையில் கொடுத்தாலும் இயக்கக்கூடிய ஒரே ரிமோட்டாக எதை வாங்கலாம்? – வாசகர், கோவை

பதில்: கடைக்குப் போவதற்கு முன், உங்களிடம் உள்ள ஐந்து கருவிகளில் எது எந்த வழியில் கட்டளையைப் பெறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிவி, ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவர், புளூரே பிளேயர், செட்டாப் பாக்ஸ் ஆகிய நான்கும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கட்டளை பெறுபவை. ஃபயர் டிவி ஸ்டிக் அப்படிப்பட்டதல்ல. அது தன் ரிமோட்டுடன் புளூடூத் வழியாகவே பேசுகிறது. அந்த ரிமோட்டின் முனையிலும் அகச்சிவப்பு விளக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது டிவியையோ சவுண்ட்பாரையோ அணைப்பதற்கும் ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்கும் வைத்தது. எல்லா டிவிக்கும் பொருந்தும் என்று அட்டையில் அச்சிட்ட யுனிவர்சல் ரிமோட்டை வாங்கி வந்து, ஸ்டிக் மட்டும் ஏன் அசையவில்லை என்று திகைப்பவர்கள் கவனிக்காமல் விட்டது இந்த வேறுபாட்டைத்தான். சோதிக்க விரும்பினால், கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் தலையை அதற்கு நேரே காட்டி ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பாருங்கள். அகச்சிவப்புக் கட்டளையாக இருந்தால் திரையில் ஓர் ஊதாப் புள்ளி துடிப்பது தெரியும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால், அவற்றை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தபடியாக, காசு செலவில்லாத ஒரு வழியைப் பாருங்கள். கருவிகளை இணைத்திருக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குள், படமும் ஒலியும் போகும் கம்பிகளோடு, கட்டளைகளுக்கென்றே சிஇசி என்ற தனிக் கம்பி ஒன்றும் ஓடுகிறது. சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்பிளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைப்பதால் பலர் இது தங்கள் டிவியில் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிவியிலும் ரிசீவரிலும் ஸ்டிக்கிலும் இதை இயக்கிவிட்டால், ஸ்டிக்கை எழுப்பியதும் டிவியும் ரிசீவரும் தாமாக விழித்துக்கொண்டு சரியான இன்புட்டுக்கு மாறும்; டிவி ரிமோட்டின் ஒலிப் பொத்தானை அழுத்தினால் ரிசீவரின் ஒலி கூடும். அதைவிடப் பயனுள்ள செய்தி, டிவி ரிமோட்டின் அம்புக்குறிப் பொத்தான்களும் ஓகே பொத்தானும் டிவி வழியாக ஸ்டிக்குக்குப் போய்ச் சேரும் என்பது. அப்படியானால், டிவி ரிமோட்டின் கட்டளைகளைக் கற்றுக்கொண்ட சாதாரண அகச்சிவப்பு ரிமோட்டாலும் ஸ்டிக்கை நகர்த்த முடியும். குரல் தேடல் மட்டும் கிடைக்காது. மைக் வைத்த மூல ரிமோட் அதற்கு வேண்டும். வெவ்வேறு நிறுவனத்துக் கருவிகள் சேரும் இடத்தில் சிஇசி சில சமயம் அடம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புளூரே பிளேயரை அணைத்தால் டிவியும் சேர்ந்து அணைவது போன்ற தொல்லை வந்தால், அந்த ஒரு கருவியில் மட்டும் அதை நிறுத்திவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ரிமோட் தேவைப்பட்டால், வாங்கப் போகும் ரிமோட் முதலில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஒரு வகை ரிமோட், எந்தக் கருவி என்று கேட்கும். டிவி என்று தேர்ந்தால் பொத்தான்கள் எல்லாம் டிவிக்கு, ரிசீவர் என்று தேர்ந்தால் எல்லாம் ரிசீவருக்கு. மற்றொரு வகை, என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கும். படம் என்று அழுத்தினால் மூன்று கருவிகளை எழுப்பி, இன்புட்டை மாற்றி, ஒலிப் பொத்தானை ரிசீவருக்கும் அம்புக்குறிகளைப் பிளேயருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடும். முதல் வகை, கம்பிகளை இணைத்தவருக்கு எளிது. உங்கள் அப்பாவுக்கு எளிது இரண்டாவது வகைதான், ஏனென்றால் ஒலி எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. விலை காரணமாக முதல் வகையையே வாங்க நேர்ந்தால், எந்தக் கருவி தேர்வில் இருந்தாலும் ஒலியும் மியூட்டும் ரிசீவருக்கே போகும்படி நிரந்தரமாகப் பூட்டிவைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுச் சண்டைகளில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

தொடுதிரை ரிமோட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருட்டில் படம் பார்க்கும்போது கண் திரையில் இருக்க, கட்டைவிரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போக வேண்டும். மழமழப்பான கண்ணாடியில் விரலுக்குப் பிடி ஏது? ஒலிப் பொத்தான் நீளமாகவோ குழிந்தோ இருந்து மற்றவற்றிலிருந்து தடவலிலேயே வேறுபட வேண்டும், கையில் எடுத்ததும் பின்னொளி எரிய வேண்டும், பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் செல்லாக இருந்தால் இன்னும் நல்லது.

பழைய ரிமோட்டின் கட்டளைகளை, அவற்றைக் கற்றுக்கொள்ளும் புதிய ரிமோட்டில் பதியும் நாளில் இரண்டையும் மேசை மீது படுக்கவைத்து, தலைகள் நேருக்கு நேர் பார்க்கும்படி, இரண்டு மூன்று விரற்கடை இடைவெளியில் வையுங்கள். கற்கும் ரிமோட்டின் விளக்கு எரிந்ததும், நீண்ட நேரம் அழுத்தச் சொல்லிக் கையேடு கேட்டாலன்றி, பழைய ரிமோட்டின் பொத்தானை ஒரு தடவை அழுத்தி விட்டுவிடுங்கள். நெடுநேரம் அழுத்திப் பதிந்த ஒலிக் கட்டளை, பின்னால் ஒரு படி ஏற்ற நினைக்கும்போது நாலைந்து படி ஏறிவிடும். சோனி கருவிகள் மட்டும் இதற்குச் சற்று மாறானவை: ஒரே கட்டளை அடுத்தடுத்து மூன்று முறை வந்தால்தான் அவை பொதுவாக ஏற்கும் என்பதால், பதிந்த பொத்தான் விட்டுவிட்டு வேலை செய்தால் சற்றே நீட்டி அழுத்தி மறுபடி பதியுங்கள்.

கேள்வி: புரொஜெக்டர், சவுண்ட்பார், மீடியா பிளேயர் மூன்றும் ஒரே பொத்தானில் இயங்கும்படி யுனிவர்சல் ரிமோட்டில் பதிந்திருக்கிறேன். சில நாள் ஒழுங்காக வேலை செய்கிறது. சில நாள் புரொஜெக்டர் எரியும், சவுண்ட்பார் அணைந்துவிடும். ரிமோட்டில் பழுதா? – வாசகர், மதுரை

பதில்: ரிமோட்டில் பழுதில்லை, உங்கள் சவுண்ட்பாரில் பவருக்கு ஒரே கட்டளைதான் இருக்கிறது. அணைந்திருந்தால் எரி, எரிந்திருந்தால் அணை என்று ஒரே கட்டளை இரண்டு வேலையும் செய்யும்போது, கருவி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது ரிமோட்டுக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் அகச்சிவப்பு ஒருவழிப் பாதை. கருவியிலிருந்து பதில் திரும்பி வருவதில்லை. யாரோ சவுண்ட்பாரின் மேலுள்ள பொத்தானைத் தட்டிவிட்டுப் போயிருந்தால், அல்லது மின்சாரம் போய்த் திரும்பியபோது ஒரு கருவி தானாக எழுந்துகொண்டு மற்றவை தூங்கிக்கொண்டிருந்தால், அன்று மாலை உங்கள் பொத்தான் அவற்றை மாற்றிப் போட்டுவிடுகிறது. மின்வெட்டு நாட்களுக்கு மறுநாள் இந்தக் கோளாறு கூடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து, எரிவதற்கு ஒரு கட்டளை, அணைவதற்கு வேறொரு கட்டளை என்று தனித்தனியாகப் பெறுவது. பல டிவிகளும் ரிசீவர்களும் இத்தகைய தனிக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். ஆனால் கூடவே வரும் ரிமோட்டில் அவற்றுக்குப் பொத்தான் இருக்காது. பொத்தான் இல்லாததைக் கற்றுக்கொடுக்கவும் முடியாது. ஆகவே கற்கும் வசதி மட்டுமே உள்ள மலிவான ரிமோட்டைவிட, நிறுவனம் வாரியாகக் கட்டளைகளைத் தொகுத்துவைத்திருக்கும் ரிமோட் இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் விலைக்குத் தகும். உங்கள் சவுண்ட்பாருக்கு அப்படித் தனிக் கட்டளை இல்லையென்றால், அந்த ஒரே பொத்தானில் பதிந்த கட்டளை வரிசையிலிருந்து அதன் பவரை எடுத்துவிட்டு, ஒலி வந்ததும் தானாக விழித்து, ஓய்ந்ததும் தானாக உறங்கும் அமைப்பு அதன் மெனுவில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

புரொஜெக்டருக்கு இன்னும் இரண்டு செய்திகள். தவறி அணைந்துவிடக் கூடாது என்பதற்காக, பல புரொஜெக்டர்களில் பவர் பொத்தானை முதல் தடவை அழுத்தினால் நிச்சயமாகவா என்று கேள்வி வரும், இரண்டாம் தடவை அழுத்தினால்தான் அணையும். எனவே அணைக்கும் வரிசையில் அதே கட்டளையை ஓரிரு வினாடி இடைவெளியில் இரண்டு முறை வைக்க வேண்டும். எரியும்போதோ, விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரும் வரை அது வேறு கட்டளை எதையும் காதில் வாங்காமல் இருக்கலாம் என்பதால், இன்புட் மாற்றும் கட்டளைக்கு முன்னால் போதிய தாமதம் விடுங்கள். எல்லாம் ஒரேயடியாக அணையட்டும் என்று, சிலர் கைப்பேசியால் இயக்கும் ஸ்மார்ட் பிளக் வைத்து மின்சாரத்தையே துண்டிக்கிறார்கள். விளக்கு வைத்த புரொஜெக்டர்களில் அணைத்த பிறகும் மின்விசிறி ஓடி விளக்கைக் குளிர்விக்க வேண்டும். திடீரென்று துண்டித்தால் விளக்கின் ஆயுள் குறையும். அந்த வழிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாக லாஜிடெக் ஹார்மனி ரிமோட்டைப் பயன்படுத்துகிறேன். பொத்தான்கள் தேய்ந்துவிட்டன. அதே போன்ற எளிமை வேறு எதில் கிடைக்கும்? பழைய ஹார்மனி ஒன்றை மலிவாக வாங்கலாமா? – வாசகி, டொராண்டோ

பதில்: ஹார்மனி உங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளை. மிசிசாகாவில் இருந்த ஒரு சிறு நிறுவனம் 2001இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததை, 2004இல் லாஜிடெக் வாங்கியது. 2021 ஏப்ரலில் புதிய ரிமோட்களைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சேவையைத் தொடர்வதாகவும் அப்போது சொன்னார்கள். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கும் முறையைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுவந்தது அந்த ரிமோட்தான். அதைவிட எனக்குப் பிடித்தது அதன் உதவிப் பொத்தான். கருவிகள் முன்பின்னாக இயங்கும்போது அதை அழுத்தினால், டிவி எரிகிறதா, படம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். மதுரை வாசகரின் சிக்கலுக்கு இவ்வளவு பணிவான தீர்வை வேறு எந்த ரிமோட்டிலும் நான் பார்த்ததில்லை.

பழைய ஹார்மனி வாங்கலாம், ஆனால் அதன் அமைப்புகள் நிறுவனத்தின் சர்வரில் இருப்பவை என்பதை மனத்தில் வைத்து விலை பேசுங்கள். கருவிகளை மாற்றாமல் இருக்கும் வரை ரிமோட் தன் பாட்டுக்கு வேலை செய்யும். புதிய டிவி வாங்கி அதைச் சேர்க்கும் நாளில் அந்தச் சேவை உயிரோடு இருக்க வேண்டும். புதிதாக வாங்குவதானால் சோஃபாபேட்டன் நிறுவனத்தின் எக்ஸ்1எஸ் உங்கள் பழக்கத்துக்கு நெருங்கி வரும். கட்டளைகளைக் கருவிகளுக்கு அனுப்பும் தனிப் பெட்டியான ஹப் ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டால், அது அகச்சிவப்பு, புளூடூத், வைஃபை ஆகிய மூன்று வழிகளிலும் கருவிகளோடு பேசும். ரிமோட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் கவலையில்லை. அதே நிறுவனத்தின் யு2 ஹப் இல்லாதது, விலை குறைந்தது. ஆனால் சக்கரத்தை உருட்டிச் சிறு திரையில் கருவியைத் தேர்ந்துகொள்ள வேண்டிய வகை அது. அமைப்பதற்குக் கைப்பேசிச் செயலி தேவை என்பதால், ஹார்மனியிடம் நாம் படும் கவலை இங்கும் முழுக்க நீங்கிவிடவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, கண்புரை அறுவைக்குப் பிறகும் பார்வை மங்கல்தான். செட்டாப் பாக்ஸ், டிவி என்று இரண்டே ரிமோட். அதுவும் குழப்பமாக இருக்கிறது என்கிறார். – வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்குப் புதிய ரிமோட் தேவைப்படாமலே போகலாம். பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்களிலேயே டிவியின் பவரையும் ஒலியையும் கற்றுக்கொள்ளும் வசதி இருக்கிறது. டிவி என்று குறித்த அந்த ஒன்றிரண்டு பொத்தான்களை யாரும் தொடுவதே இல்லை. இணைப்பு கொடுக்க வரும் பணியாளரைக் கேட்டால் நின்ற நிலையிலேயே பதிந்து தந்துவிடுவார். பிறகு டிவி ரிமோட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

அப்போதும் பொத்தான்கள் அதிகம் என்றால், பவர், ஒலி, சேனல், மியூட் என ஆறேழு பெரிய பொத்தான்களோடு மட்டும் வரும் கற்கும் ரிமோட்கள் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: அம்மாவின் விரலுக்கு இப்போதைய ரிமோட்டில் எந்தெந்த இடம் பழகியிருக்கிறது? பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் படித்து அழுத்துவதில்லை, இடத்தை நினைவில் வைத்து அழுத்துகிறார்கள். புதிய ரிமோட் எவ்வளவு நல்லதானாலும் அந்த நினைவைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. பழகிய ரிமோட்டிலேயே பவர் பொத்தான் மீது நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, அதன் மீது இன்னொரு சொட்டு வைத்தால் தடவலுக்குத் தெரியும் மேடு ஒன்று கிடைக்கும். தேவையில்லாத பொத்தான்களைத் துணி டேப்பால் மூடிவிடலாம். ரிமோட் கெட்டுப்போனால், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும் உங்கள் ஊர் மின்னணுக் கடைகளிலும் அதே மாடலுக்குப் பொருந்தும் மாற்று ரிமோட்கள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய், பொத்தான் வரிசையை ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் கைப்பேசியில் அகச்சிவப்பு வசதி இருக்கிறது. தனியாக எதற்கு ரிமோட்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் வெளியே போகும்போது வீட்டாரின் ரிமோட்டும் உங்கள் சட்டைப் பையில் ஏறி வெளியே போய்விடுமே. அவசரத்துக்குக் கைகொடுக்கும், விருந்துக்குப் போன இடத்தில் தொலைந்த ரிமோட்டுக்குப் பதிலாகக் காட்டிப் பேர் வாங்கலாம். அன்றாடத்துக்கு உதவாது.

கேள்வி: படம் பார்க்கும் அறையில் ஏசியும் இருக்கிறது. டிவிக்கு வாங்கிய கற்கும் ரிமோட்டில் ஏசியின் பொத்தான்களைப் பதிந்தால், வெப்பநிலை ஒரு தடவை மாறுகிறது, பிறகு அசைய மறுக்கிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: டிவி ரிமோட் ஒலியை ஒரு படி கூட்டு என்று சொல்லும். ஏசி ரிமோட் அப்படிப் படிப்படியாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம், குளிர்ச்சியா ஈரம் நீக்கலா என்ற எல்லா விவரத்தையும் மொத்தமாக அனுப்புகிறது. எனவே நீங்கள் பதிந்திருப்பது ஒரு பாகை குறை என்ற கட்டளை அல்ல, 24 பாகையில் குளிர்ச்சி என்பது போன்ற முழு நிலை. அதை எத்தனை முறை அழுத்தினாலும் 24தான். குறையென்று தோன்றும் இதையே வசதியாக மாற்றிக்கொள்ளலாம். ஏசியை உங்களுக்குப் பிடித்த நிலையில் வைத்து ஒரு பொத்தானிலும், அணைப்பதை இன்னொரு பொத்தானிலும் பதிந்துவிட்டால், அவற்றைப் படம் தொடங்கும் வரிசையிலும் முடியும் வரிசையிலும் சேர்த்துக்கொள்ளலாம். வெப்பநிலையை அடிக்கடி மாற்றுபவராக இருந்தால் ஏசியின் சொந்த ரிமோட்டே நல்லது.

கேள்வி: எங்கள் கூடம் மேற்குப் பார்த்தது. மாலை நாலு மணிக்கு மேல் டிவி ரிமோட் வேலை செய்வதில்லை, இருட்டியதும் சரியாகிவிடுகிறது. யுனிவர்சல் ரிமோட் வாங்கினால் தீருமா? – வாசகர், சென்னை

பதில்: தீராது, ஏனென்றால் கோளாறு அனுப்பும் இடத்தில் இல்லை, வாங்கும் இடத்தில் இருக்கிறது. இது ரிமோட் பிறந்த காலத்திலிருந்தே உள்ள தொல்லை. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1955இல் கொண்டுவந்த ஃபிளாஷ்மேட்டிக் என்ற ரிமோட், டிவியின் நான்கு மூலைகளிலும் இருந்த உணரிகள் (சென்சார்கள்) மீது சாதாரண வெளிச்சத்தைப் பாய்ச்சி இயக்குவது. வெயில் பட்டால் டிவி தானாகவே சேனல் மாறிக்கொண்டது. மறு ஆண்டே அதே நிறுவனத்தின் பொறியாளர் ராபர்ட் ஆட்லர், ஒளியைக் கைவிட்டு, காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ரிமோட்டைக் கொடுத்தார். பிற்காலத்து அகச்சிவப்பு ரிமோட்கள் ஒளிக்கே திரும்பினாலும், வெயிலோடு குழம்பிவிடாதபடி அந்த ஒளியை வினாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கவிட்டு அனுப்புகின்றன. டிவி அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கிறது. அதனால் வெயிலைப் பார்த்துச் சேனல் மாறும் தொல்லை போயிற்று. ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அது உணரியின் மீது நேராக விழுந்தால், உணரி அந்த வெளிச்சத்தில் திணறி, ரிமோட்டின் மெல்லிய துடிப்பைத் தவறவிடுகிறது. சன்னலுக்குத் திரை போடுங்கள், அல்லது டிவியைச் சற்றுத் திருப்புங்கள். டிவியின் கீழ் சவுண்ட்பார் வைத்திருந்தால், அது உணரியின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறதா என்றும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ரிசீவரையும் பிளேயரையும் தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிட வேண்டும் என்பது வீட்டில் உத்தரவு. மூடினால் ரிமோட் வேலை செய்யாது. என்ன செய்யலாம்? – வாசகர், கும்பகோணம்

பதில்: கண்ணாடிக் கதவாக இருந்தால் அகச்சிவப்பு ஊடுருவிவிடும், மரத்தை ஊடுருவாது. இதற்கென்றே அகச்சிவப்பு ரிப்பீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. கட்டளையை வாங்கும் ஒரு குட்டிக் கண்ணை அலமாரிக்கு வெளியே ஒட்டிவைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பி வழியாக உள்ளே வரும் விளக்குகளை ஒவ்வொரு கருவியின் உணரி மீதும் ஒட்டிவிட்டால், உங்கள் பழைய ரிமோட்களே போதும். டொராண்டோ வாசகிக்குச் சொன்ன ஹப் வகை ரிமோட்டும், ஹப்பை அலமாரிக்குள்ளேயே கருவிகளுக்கு எதிரே வைத்துவிட்டால், இதே வேலையைச் செய்யும். கருவியின் முகப்பில் உணரி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், டார்ச் விளக்கைச் சாய்த்து அடியுங்கள்; கருத்த பிளாஸ்டிக்கின் பின்னால் ஒரு சிறு வட்டம் தென்படும். நிரந்தரமாக ஒட்டும் முன் செலோடேப்பால் ஒட்டி, எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரிசீவர் நன்றாகச் சூடாகும் கருவி என்பதால், தச்சரை அழைத்து அலமாரியின் பின்பலகையில் காற்று போக ஒரு திறப்பும் வெட்டச் சொல்லிவிடுங்கள்.